கூழாம்பாறைக்குத் தகுந்த டயர்

அந்த நாற்காலி வேண்டாம் சார், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். அதில் நான் உட்கார்ந்துகொள்கிறேன், எனக்குப் பழகிவிட்டது. சித்திரையில் கடைக்கார சிக்கந்தர் பாய் இதை வாங்கிப் போட்டபோது நன்றாகத்தான் இருந்தது. என் கண் முன்னால்தான் ஆட ஆரம்பித்தது.

உங்களுடையது அந்த வெள்ளைக் காரா? அலைன்மென்ட் மட்டும்தானே? அப்படியென்றால் சீக்கிரம் அனுப்பிவிடுவார். என்ன தொழில்? மலைவாழை வியாபாரமா, நல்லது. இதோ, ஜாக்கியில் நிற்கிறதே பச்சை ஜீப், அது என்னுடையது. இன்றைக்கு டயர் மாட்டுகிறார்கள். ஆமாம், இன்றைக்குத்தான். ரிம் புதுசு, டயர் புதுசு, நான்கு சக்கரமும். காலையில் நான், "சரி பாய், மாட்டிருங்க" என்றதும் சிக்கந்தர் பாய் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்து ஏதோ சொன்னார். அரபியில். பாதி வாழ்க்கை மஸ்கட்டில் இருந்தவன் நான், எனக்குப் புரிந்தது. புரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

என் பெயர் திருஞானம். அங்கே ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துப் பிரிவில் இருந்தேன். நொறுங்கின வண்டிகளின் படம் மேஜைக்கு வரும். மற்றவர்கள் முகப்பைப் பார்ப்பார்கள், நான் டயரைப் பார்ப்பேன். பாதி விபத்துக்குக் காரணம் டயர்தான் சார். மீதிப் பாதிக்கும் டயராகத்தான் இருக்கும், படத்தில் தெரியாது, அவ்வளவுதான்.

நாங்கள் ஊர் திரும்பியதே மலைக்குப் போகத்தான். நாங்கள் என்றால் நானும் என் வீட்டுக்காரியும். பொற்கொடி என்று பெயர். அவள் அப்பா கூழாம்பாறையில் கொஞ்சம் காப்பித் தோட்டமும் ஒரு வீடும் அவள் பங்காக விட்டுப் போயிருக்கிறார். மஸ்கட்டில் இருந்த காலமெல்லாம் அவளிடம் நான் சொல்லி வந்தது ஒன்றுதான், வேலையை விடுகிற அன்றைக்கு நேராக மலைக்கு. விட்டேன். நேராகத்தான் வந்தேன். வத்தலக்குண்டு வரைக்கும் வந்தாயிற்று. மலை இங்கிருந்தே தெரியும். அந்த லாரிக்கு மேலே பாருங்கள். இப்போது மேகம்.

பஸ் போகிறது. எதிரே ஸ்டாண்டிலிருந்துதான் போகிறது. நீங்கள் கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும், எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். பஸ் கூழாம்பாறை ஊர் வரைக்கும்தான் சார். அங்கிருந்து வீட்டுக்கு மண் பாதை. நடுவில் ஓடை. மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் பாறை. அப்படிப்பட்ட இடத்துக்கு எடுத்தேன் கவிழ்த்தேன் என்று கிளம்ப முடியுமா? அதற்குத்தான் ஜீப் வாங்கினேன். வாங்கி, இங்கே பிடித்த வாடகை வீட்டு வாசலில் நிறுத்தி, பொற்கொடி பாத்திரத்தையெல்லாம் பெட்டியில் கட்டி முடித்த பிறகு கீழே குனிந்து பார்க்கிறேன், நான்கும் தார் ரோட்டு டயர். வழவழவென்று இருக்கிறது.

"என்னங்க, ஏறட்டுமா?" என்றாள்.

"இறங்கு" என்றேன்.

நான் ஏன் இவ்வளவு பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றும். காரணம் இருக்கிறது. கல்யாணம் ஆன புதிதில் மறுவீட்டுக்குக் கூழாம்பாறை போனோம். அவளுடைய அண்ணன், ராசாங்கம் என்று பெயர், ஜீப் எடுத்துக்கொண்டு வந்தான். புது மாப்பிள்ளை என்று என்னை முன்னால் உட்காரவைத்தான். பட்டு வேட்டி, மோதிரம், எல்லாம் இருக்கிறது. அந்த ஜீப்பின் டயரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான்கும் நான்கு கம்பெனி. ஒன்று மொட்டை. ஒன்றில் காற்று பாதிதான். அப்படிப்பட்ட வண்டியில் உட்கார்ந்தால் மனுஷனுக்கு என்ன ஆகும்? வயிற்றைப் புரட்டியது. அது இயற்கை. வெளியே தலையை நீட்டினேன். வேட்டியில் கொஞ்சம் பட்டுவிட்டது.

ராசாங்கம் வண்டியை நிறுத்தி, பின்னால் திரும்பி அவர்கள் அம்மாவிடம், "யம்மா, மாப்ளைக்கு எலுமிச்சம்பழம் இருந்தாக் குடு, மோந்து பாக்கட்டும்" என்றான். அப்புறம் என்னிடம் ரொம்ப மரியாதையாக, "மாப்ள, மலை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றான்.

பார்த்தால், அடிவாரத்துச் செக்போஸ்ட் இன்னும் வரவில்லை.

ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பொற்கொடியும் சிரித்தாள், வாயை மூடிக்கொண்டு. நான் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டவன், மேலே போய்த்தான் எடுத்தேன். இறங்கும்போதும் அப்படித்தான். அதற்குப் பிறகு லீவில் வரும்போதெல்லாம் பொற்கொடி தனியாகப் போய்விட்டு வருவாள். எனக்குக் கீழே ஏதாவது ஒரு வேலை இருக்கும். பேங்க் வேலை, பல் டாக்டர், இப்படி. அதை வைத்துக்கொண்டு எனக்கு மலை ஆகாது என்று ராசாங்கம் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். வயிறு இல்லை சார் பிரச்சினை. டயர். நாமே ஓட்டினால், நல்ல டயராக இருந்தால், அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

என்னவோ சொல்ல வந்தீர்கள். இருங்கள், இதை முடித்துவிடுகிறேன்.

முதலில் ரிம். அலாய் வீல் பார்க்க லட்சணம், எடை குறைவு. ஆனால் பாறையில் அடிபட்டால் விரிசல் விடும். இரும்பு ரிம் நெளியும், விரிசல் விடாது. நெளிந்ததைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். இதை முடிவு பண்ணவே வைகாசி ஆகிவிட்டது. பாய் ரொம்பப் பொறுமைசாலி. "ரெண்டுல எது மாட்டினாலும் வண்டி போகும் சார்" என்பார். போகும் பாய், எப்படிப் போகும் என்பதல்லவா கேள்வி?

அப்புறம் ரிம் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கவேண்டும் என்று ஒரு கணக்கு. ஆஃப்செட் என்பார்கள். அதிகம் தள்ளினால் பேரிங் போய்விடும். தள்ளாவிட்டால் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது டயர் உரசும். அதற்கப்புறம் டயரின் அகலம், உயரம். அதற்கப்புறம்தான் பட்டன், டயரின் மேல் துருத்தி நிற்கிற ரப்பர் கட்டைகள். தார் ரோட்டுக்குப் பட்டன் இல்லாதது, இரண்டுங்கெட்டான் ரோட்டுக்குச் சின்னப் பட்டன், சேற்றுக்குக் கட்டை கட்டையாகப் பெரிய பட்டன். பெரிய பட்டன் சேற்றில் பிடிக்கும். ஈரத் தாரில் பிரேக் பிடித்தால் வழுக்கும். போதாததற்கு ரோட்டில் போகும்போது ம்ம்ம் என்று ஒரு சத்தம். தேனீக் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். நம் பாதையோ முக்கால்வாசி தார், கடைசித் துண்டு சேறு. எந்த டயரைப் போடுவீர்கள்? பாருங்கள், உங்களுக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை.

இந்த ரிம் விஷயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொற்கொடி, "நான் முன்னாடி போயி வீட்டக் கூட்டிப் பெருக்கி வைக்கிறேன். நீங்க டயரு போட்டுட்டு வாங்க" என்று ஒரு பெட்டியோடு மத்தியான பஸ்ஸில் ஏறிவிட்டாள். நல்ல யோசனைதான். பூட்டிக் கிடந்த வீடு.

போன மறு வாரமே பஸ் கண்டக்டரிடம் மஞ்சள் பையில் நான்கு எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டாள். எங்கள் தோட்டத்துப் பழம். புது டயர் மாட்டியதும் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து ஏற்றிவிட்டு வரவேண்டுமாம். எனக்கு அதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை, ஆனால் அவள் ஆசை. ஃபிரிட்ஜில் வைத்தேன். ரிம் முடிவாவதற்குள் வாடிவிட்டது. சொன்னேன். மறுபடி நான்கு அனுப்பினாள். அதுவும் வாடியது. மறுபடி நான்கு. வீணாக்க மனசு வரவில்லை, உப்புப் போட்டு ஊறவைத்துவிட்டேன். ஆடி முடிவதற்குள் ஒரு ஜாடி நிறைந்துவிட்டது. ஊறுகாய் நான் முன்பின் போட்டதில்லை, ஆனால் பிரமாதமாக வந்தது. பாய்க்குக்கூடக் கொடுத்தேன்.

தினமும் போன் செய்வாள். "டயரு ஆச்சா?" என்பாள். அவளுக்கு டயரில் இவ்வளவு ஆர்வம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. விவரமாகச் சொல்வேன். மலையில் சிக்னல் சரியில்லை. நான் பட்டனின் ஆழத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கும்போது சொல்லிவைத்தாற்போலப் போய்விடும். ஒருநாள் அவளே, "என்னங்க, ரோடு விஷயமா ஒண்ணு சொல்லணும்" என்றாள். அப்போது நான் ஆஃப்செட்டை விளக்கிக்கொண்டிருந்தேன். முடிக்கட்டும் என்று காத்திருந்தாள் போல. முடிப்பதற்குள் லைன் போய்விட்டது.

அப்புறம் சாமான் கேட்க ஆரம்பித்தாள். முதலில் இரண்டு சேலை. பிறகு குக்கர். பிறகு தையல் மெஷின். நான் கட்டி எடுத்துக்கொண்டு போய் எதிரே ஸ்டாண்டில் அந்தக் கண்டக்டரிடம் ஏற்றிவிடுவேன். நல்ல மனுஷன், என்னை மஸ்கட் சார் என்பான். ஆவணியில் கிரைண்டரும் போயிற்று. சாமி படமும் போயிற்று, சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. ஒருவகையில் சௌகரியம் சார், வீட்டில் தாராளமாக இடம். டயர் பட்டியலையெல்லாம் கூடத்திலேயே விரித்துப் பார்க்க முடிகிறது.

புரட்டாசியிலிருந்து டயர் ஆச்சா என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். போனும் வாரத்துக்கு ஒருமுறைதான். எலுமிச்சம்பழமும் வருவதில்லை. என் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நல்ல முடிவாக எடுப்பார் என்று விட்டுவிட்டாள். இல்லையா?

அப்படி ஏன் பார்க்கிறீர்கள்?

போன வாரம் ராசாங்கம் வந்தான். காப்பி மில்லுக்கு வந்தவன், இங்கேதான் இருப்பேன் என்று நேராக இந்தக் கடைக்கு வந்துவிட்டான். அதே ஜீப். சத்தியமாக அதே ஜீப் சார். டயர் மட்டும் வேறு, ஆனால் நான்கும் நான்கு கம்பெனி. நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தான்.

"என்ன மாப்ள, டயரு கருவுல இருக்கா, பொறந்திருச்சா?" என்றான். பாய் திரும்பி நின்று சிரித்தார். முதுகு குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

"மச்சான், நீங்க எந்த அளவு போட்டிருக்கீங்க?" என்றேன், பேச்சை மாற்ற.

"அளவா? வட்டமா இருந்தாச் சரின்னு போட்டேன்."

 அவனோடு என்ன பேசுவது? அவனே பேசினான். "பொற்கொடி கோழிக்கூண்டு கட்டிருக்கா. மிளகுக்கொடிக்கு ஆள விட்டுக் கவாத்து பண்ணிருக்கா. முன் ரூமுக்குச் சுண்ணாம்படிச்சு கட்டிலு போட்டா. ஒத்தக் கட்டிலு."

ஒற்றைக் கட்டில் என்றதும் எனக்கு அவளை மெச்சத்தான் தோன்றியது. அந்தப் பாதையில் இரட்டைக் கட்டிலை எப்படிக் கொண்டுபோவது?

எழுந்து போகும்போதுதான் ராசாங்கம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான். "காப்பிப் பழம் பறிக்க ஆரம்பிக்கப் போறா மாப்ள. ஆரம்பிச்சா தை முடிய நிமிர நேரமிருக்காது. வர்றதா இருந்தா அதுக்கு முன்னாடி வரச் சொன்னா. வரலன்னா மிச்சச் சாமானையும் பஸ்ஸுல ஏத்திவிட்டுட்டு, வீட்டச் சாவியோட ஓனருகிட்ட ஒப்படைச்சிரச் சொன்னா. நீங்க பாட்டுக்கு மஸ்கட்டுக்கே போனாலும் சரி, அவளுக்கு வருத்தமில்லையாம்."

"வருத்தமில்லன்னு அவளே சொன்னாளா?"

"அவதான் சொன்னா. கோழிக்குத் தீனி போட்டுக்கிட்டே சொன்னா."

வீட்டுக்குப் போய் மிச்சச் சாமான் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒரு கோரைப்பாய், ஒரு தலையணை, ஊறுகாய் ஜாடி. அப்புறம் நான். ரொம்ப நேரம் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். டயர் பட்டியல் பக்கத்திலேயே கிடந்தது. எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அப்படித் தோன்றாமல் போனது இந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அதனால்தான் இன்றைக்கு முடிவெடுத்துவிட்டேன். பெரிய பட்டன். இரும்பு ரிம். ம்ம்ம் என்று கத்தினால் கத்தட்டும்.

இருங்கள், பாய் கூப்பிடுகிறார். வண்டியை இறக்கிவிட்டார்கள். வாருங்களேன், உங்கள் கார் இன்னும் மேலேதானே நிற்கிறது. பழம் இல்லையே என்று பார்த்தால் பாயே ஜூஸ் கடையிலிருந்து நான்கு வாங்கி வைத்திருக்கிறார். "எங்களுக்கு இந்த வழக்கம் கிடையாது சார், கஸ்டமருக்கு உண்டுல்ல" என்கிறார். இந்த மனுஷனை விட்டு நான் எப்படிப் பிரியப் போகிறேன் என்று தெரியவில்லை. நீங்கள் அந்தப் பின் சக்கரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேற்றைய மழையில் வாசலெல்லாம் சேறு, பழம் உருண்டுவிடக் கூடாது. நான் ஏறி மெல்ல ஒரு முழம் நகர்த்துகிறேன்.

ஆயிற்றா? நசுங்கியதா?

முன்னால் இரண்டும் நசுங்கிவிட்டது. இந்தப் பக்கமும் ஆயிற்று. உங்கள் பக்கம்? என்னது, காணோமா? எப்படிக் காணாமல் போகும்? ஓ. அதோ. பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் சேற்றோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள். ஒரு கீறல் இல்லை. முழுசாக இருக்கிறது.

இதற்கு என்ன அர்த்தம் பாய்? உங்களுக்குத் தெரியாதா? எனக்கும் தெரியாது. பட்டன் இடைவெளி அதிகம் என்று அர்த்தம். சின்னப் பட்டன் போட்டிருந்தால் நசுங்கியிருக்கும். நான் அப்போதே யோசித்தேன். அதோடு ஸ்டெப்னி இன்னும் பழைய அளவு. அதைப் பாய் இனிமேல்தான் வரவழைக்க வேண்டும், ஒரு வாரம் ஆகும். ஸ்டெப்னி இல்லாமல் மலைக்குப் போகக் கூடாது சார். உட்காருவோம். இல்லை, அந்த நாற்காலியில் நான்தான்.

நான்தான் பேசிக்கொண்டே இருக்கிறேன், உங்களைக் கேட்கவே இல்லை. அப்போதிருந்து ஏதோ சொல்ல வருகிறீர்கள். மலைவாழை எந்தப் பக்கம் எடுக்கிறீர்கள்?

கூழாம்பாறையா?

அடிக்கடி போவீர்களா? அந்தக் காரிலேயா? சரி, பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போகும். அதற்கு மேலே?

வீட்டு வாசல் வரைக்குமா? யார் வீட்டு வாசல்?

கோழிக்கூண்டு இருக்கிற வீடா? முன் ரூமுக்குச் சுண்ணாம்படித்த வீடா?

சிமென்ட் ரோடு. முழுக்கவா? ஓடை இருக்குமே? பாலம் கட்டிவிட்டார்களா? எப்போது போட்டார்கள்? நாங்கள் மஸ்கட்டில் இருக்கும்போதேவா.

ஓ.

அவள் சொல்லியிருக்கலாம். சிக்னல் சரியில்லை. இல்லை, அன்றைக்குச் சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நான் ஆஃப்செட் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாய், கூழாம்பாறைக்குச் சிமென்ட் ரோடு போட்டாயிற்று என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியுமா! ஏன் சொல்லவில்லை? "நீங்க கேட்டது டயரு சார், ரோடு கேக்கல." அதுவும் நியாயம்தான்.

எப்படி இருப்பாள் சார்? இல்லை, சும்மா கேட்டேன். வாழைத்தார் விலை பேசும்போது பார்த்திருப்பீர்களே. இளைத்துவிட்டாளா? கணக்கில் ரொம்பக் கறாரா? இருக்கும். காப்பி கொடுத்தாளா? இரண்டு தம்ளர் எடுத்து வந்து ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தாளா? கை மறந்திருக்கும். அவளுக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு, எப்போதும் இரண்டு தம்ளராகத்தான் எடுப்பாள்.

அதோ, மத்தியான பஸ் வந்து நிற்கிறது. கண்டக்டர் கையை ஆட்டுகிறான் பாருங்கள். தினமும் இப்படித்தான், அங்கிருந்தே கத்துவான்.

"மஸ்கட் சார்! இன்னைக்கு ஏத்துறதுக்குச் சாமான் ஏதும் இருக்கா?"

இருக்கு தம்பி! ஒண்ணே ஒண்ணுதான். நடந்தே வந்து ஏறிக்கும், ஒரு நிமிஷம் நிறுத்தி வைங்க!

பாய், சாவியை வைத்துக்கொள்ளுங்கள். வண்டி இங்கேயே நிற்கட்டும். ஸ்டெப்னி வந்தால் வரட்டும். இல்லை சார், நீங்கள் தப்பாக நினைக்க வேண்டாம். அவளைப் பார்க்கப் போகவில்லை. ரோட்டைப் பார்க்கப் போகிறேன். இத்தனை மாசம் ஒரு ரோட்டுக்கு டயர் தேடியிருக்கிறேன், அந்த ரோட்டை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. போகும்போதும் வரும்போதும் துண்டுக்குள் இருந்தவன் நான். பார்த்துவிட்டால் எந்தப் பட்டன் என்று தெளிவாகத் தெரிந்துவிடும். ஒரு நாள் வேலை. இரண்டு நாள் ஆகலாம். காப்பிப் பழம் பறிக்க ஆள் குறைவாக இருந்தால் தை வரைக்கும் ஆகலாம்.

கூட வருகிறீர்களா, பஸ் வரைக்கும்? ரொம்ப நல்லது. அந்தப் பக்கமாக நடங்கள் சார், இந்தப் பக்கம் பஸ்ஸின் டயர் தெரியும். நான் பார்க்க வேண்டாம். தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டின ரீட்ரெட்தான், பார்க்காமலே தெரியும்.

ஜன்னல் சீட் கிடைத்துவிட்டது. ஊறுகாய் ஜாடியை எடுத்து வந்திருக்கலாம். பரவாயில்லை, டயரில் ஒட்டியிருந்த அந்தப் பழமாவது இருக்கிறதே. சேற்றைத் துடைத்துவிட்டேன், மூக்கில் வைத்தால் வாசனை அப்படியே இருக்கிறது. தோட்டத்துப் பழம் அளவுக்கு இல்லை.

சிரிக்காதீர்கள் சார். பஸ் இன்னும் கிளம்பவில்லை, தெரியும். மலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அதுவும் தெரியும்.